மறுமொழி: கோடு வெட்டியும் தீ தோட்டத்துக்குள் வந்துவிட்டது

வணக்கம் சார். ஏற்காட்டில் உங்கள் காபித் தோட்டத்துக்குக் கீழே காப்புக்காடு. 1 மீட்டர் அகலத்தில் தீத்தடுப்புக் கோடு (செடி, சருகு நீக்கிய வெற்றுப் பட்டை) வெட்டியும் மார்ச்சில் தீ தாண்டியது, அதுவும் நல்ல மழை பெய்த வருஷத்தில், ஏன் என்கிறீர்கள்.

மழைதான் சார் காரணம். வடகிழக்குப் பருவமழை கொட்டினால் புல்லும் உண்ணிச்செடியும் (லாண்டானா புதர்) மண்டும். ஜனவரி தாண்டினால் அதுவே விறகு. வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக நீராவி தாங்கும். அந்த ஈரத்தைச் சருகிலிருந்தும் உறிஞ்சும். ஆனால் வெயில் தானாகக் கொளுத்தாது. பெரும்பாலும் பீடித்துண்டோ, யாரோ வைத்த நெருப்போதான்.

இனி கோடு. சரிவில் ஏறும் தீயின் சுடர் முன்னால் சாய்ந்து, மேலே உள்ளதை முன்கூட்டியே உலர்த்திவிடும். சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு. அதனால் கீழ் எல்லையில் 1 மீட்டர் வெறும் கண்துடைப்பு. புல் என்றால் 3 மீட்டராவது, ஆளுயர உண்ணிச்செடி என்றால் 6 மீட்டருக்குக் குறையாமல், மண் தெரியக் கொத்துங்கள். உண்ணியை மேலே வெட்டினால் துளிர்க்கும். மண்ணுக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே வேரை வெட்டிப் பிடுங்குங்கள். வெட்டியதைக் காட்டோரம் குவிக்காமல் உள்ளே கம்போஸ்ட் குழிக்குக் கொண்டுபோங்கள்.

ஜனவரியில் ஒருமுறை வெட்டி விட்டுவிடுவதுதான் வழக்கமான தப்பு. சில்வர் ஓக் சருகு விழுந்துகொண்டே இருக்கும், கோடை மழை வரை வாரமொருமுறை பெருக்க வேண்டும். எல்லாமே பட்டா நிலத்துக்குள் மட்டும். காப்புக்காட்டில் கை வைக்க வனத்துறை அனுமதி வேண்டும்.

தீ வந்தால் 101. தீக்கு மேல்பக்கச் சரிவில் யாரையும் நிறுத்தாதீர்கள்.