வீட்டு இணைய இணைப்பு அடிக்கடி அறுபடுகிறது. அதைக் கண்காணிக்க ஷெல் ஸ்கிரிப்ட் (கணினிக்கான கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) எழுதுவது எப்படி?

“எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்” என்ற பதிலை இணைய நிறுவனத்திடம் நீங்களும் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பீர்கள். நான் ஏழு மாதம் கேட்டேன்.

முதலில் எழுதியது சில வரிகள்தான். பத்து நொடிக்கு ஒருமுறை 8.8.8.8-க்கு, அதாவது வெளியே உள்ள கூகுளின் சர்வர் ஒன்றுக்கு, ஒரு பிங்: “இருக்கிறாயா?” என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் கட்டளை. முடிந்ததும் $? (கடைசிக் கட்டளையின் முடிவைச் சொல்லும் எண்) மதிப்பு 0 என்றால் பதில் வந்திருக்கிறது; இல்லாவிட்டால் நேரம் ஒரு கோப்பில் பதிவாகும். அதை நேரில் வந்த ஊழியரிடம் காட்டினேன். “உங்கள் வைஃபை சிக்னல் குறைந்திருக்கும் சார்” என்றார். வாயடைத்துப் போனேன். அறுந்தது என்று சொன்ன ஸ்கிரிப்ட், எங்கே அறுந்தது என்று சொல்லவில்லையே!

அன்றிரவே மாற்றி எழுதினேன். பழைய மடிக்கணினி ஒன்றை ரவுட்டரோடு கேபிளில் இணைத்தேன். வைஃபை மேல் பழி போட இனி வழியில்லை. முதல் பிங் ரவுட்டருக்கு, என் வீட்டில் அதன் முகவரி 192.168.1.1. அது பேசாவிட்டால் கோளாறு வீட்டுக்குள். அது பேசி 8.8.8.8 பேசாவிட்டால் வெளியே. இரண்டும் பேசி, ஏதாவது ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தால் மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில், அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவையில். ஒரு பாக்கெட் (பிங் அனுப்பும் சிறு தரவுத் துண்டு) தொலைந்ததற்கெல்லாம் பதறாதீர்கள். தொடர்ந்து மூன்று முறை தவறினால் மட்டும் பதிவு செய்யுங்கள்.

கிரானில் (குறித்த நேரங்களில் கட்டளைகளைத் தானாக இயக்கும் நிரல்) போட்டால் போதுமே என்று சிலர் சொல்வார்கள். கிரானின் குறைந்தபட்ச இடைவெளி ஒரு நிமிடம். என் வீட்டில் அறுபடுவது சில சமயம் ஒரு நிமிடம்கூட நீடிக்காது. ஆகவே ஸ்கிரிப்டையே திரும்பத் திரும்ப ஓடவைக்கும் முடிவில்லாத வைல் (while) சுழல், நடுவில் ஐந்து நொடி காத்திருக்க ஸ்லீப் (sleep) 5. நேஜியோஸ், ஸ்மோக்பிங் போன்ற பெரிய கண்காணிப்பு மென்பொருள்கள் இருப்பது எனக்கும் தெரியும். நூறு கணினிகளைப் பராமரிப்பவருக்கு அவை வேண்டும். ஒரு வீட்டுக்கு, வரிக்கு வரி நமக்கே புரிகிற இருபது வரிகள் போதும்.

ஒன்பது நாளில் பதினேழு பதிவுகள். எல்லாமே “ரவுட்டர் உண்டு, வெளியே இல்லை”. நேரங்களைப் பார்த்த என் மனைவிதான், “இது கரண்ட் போகிற நேரமல்லவா?” என்று கேட்டாள். வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பதால் நான் அதைக் கவனித்ததே இல்லை. இணைய நிறுவனத்தின் தெருமுனைப் பெட்டியில், வீடுகளுக்கு இணைப்பைப் பிரித்துத் தரும் நெட்வொர்க் சுவிட்சுக்குத் துணையாக வைத்திருந்த பேட்டரி செத்துக் கிடந்தது. கோப்பை அச்செடுத்துக் கொடுத்த மறுநாளே மாற்றினார்கள்.

அதுவரை நான் கொடுத்த புகார்களில் பெரும்பாலானவை, ஒருவரும் எட்டிப் பார்க்காமலே “தீர்க்கப்பட்டது” என்ற குறுஞ்செய்தியோடு மூடப்பட்டவை.   

ஒன்று விட்டுவிட்டேன். இணைப்பு போன நேரத்தோடு, திரும்பி வந்த நேரத்தையும் நொடி வரை பதிவு செய்யுங்கள். அச்செடுத்த கோப்பைக் கொடுத்தபோது அந்த ஊழியர் முதலில் கேட்டதே அதைத்தான்.