பல்கலைக்கழக மடிக்கணினி போதுமா, சொந்தமாக வாங்க வேண்டுமா?

கேள்வி: கொடைக்கானலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், துறையில் உதவியாளராக வகுப்பும் எடுக்கிறேன். பல்கலைக்கழகம் கொடுத்த மடிக்கணினியில்தான் ஆய்வேடு, மாணவர் மதிப்பெண், என் வங்கி வேலை எல்லாம். 55,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். சொந்தமாக வாங்கட்டுமா?

பதில்: வாங்குங்கள். கையில் இருப்பது துறையின் சொத்து. திருப்பிக் கேட்டால் கொடுக்க வேண்டும். வட்டு, விண்டோஸின் குறியாக்கப் பூட்டான பிட்லாக்கரால் பூட்டியிருந்து ஏதாவது கோளாறு வந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். பல்கலைக்கழகக் கணக்கில் இயங்கும் கருவியின் சாவி பெரும்பாலும் கணினிப் பிரிவிடம்தான் இருக்கும். விடுமுறை நாளில் பூட்டிக்கொண்டால் ஆய்வேடும் உள்ளேயே கிடக்கும். அதனால் புதுக்கருவி வரும்வரை காத்திருக்காமல் இன்றே ஒரு வெளி வட்டில் நகல் எடுங்கள். மேற்கோள் நூல்களைச் சேகரிக்கும் ஜோட்டீரோ செயலி வைத்திருந்தால், அதை மூடிவிட்டு அதன் தரவுக் கோப்புறையை முழுதாக நகலெடுங்கள். அந்தக் கோப்புறையை ஒன்டிரைவ் போன்ற இணையச் சேமிப்புக்குள் வைத்து இயக்காதீர்கள், தரவுத்தளம் கெட்டுவிடக்கூடும்.

வங்கி வேலையைச் சொந்தக் கருவிக்கு மாற்றுங்கள். மதிப்பெண் பட்டியல் மட்டும் பல்கலைக்கழகக் கருவியிலேயே இருக்கட்டும்; அது மாணவர்களின் தகவல், வீட்டுக் கணினிக்கு வரக்கூடாது.

புதுக்கருவியில் பல்கலைக்கழகக் கணக்கால் ஆபீஸ் திறக்கும்போது, 'நிறுவனம் இந்தச் சாதனத்தை நிர்வகிக்கட்டும்' என்று ஒரு பெட்டி வரும். அதிலுள்ள குறியை எடுத்துவிட்டு, இந்தச் செயலிக்கு மட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கவனிக்காமல் சம்மதித்தால், உங்கள் காசில் வாங்கிய கருவிக்கும் அவர்கள் விதி போடலாம்.

உதவித்தொகையோடு ஆய்வுச் செலவுக்கென வரும் தற்செயல் நிதியில் (கன்டின்ஜென்சி) வாங்க நினைக்காதீர்கள். அப்படி வாங்கும் பொருள் பொதுவாகத் துறையின் இருப்புப் பதிவேட்டில் ஏறிவிடும், பிறகு அதுவும் உங்களுடையதல்ல.

16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி பாருங்கள். விலை இடித்தால் 8 ஜிபி எடுக்கலாம், ஆனால் பின்னால் ரேம் கூட்டக் காலி ஸ்லாட் இருக்க வேண்டும். சில மெல்லிய மாடல்களில் ரேம் போர்டிலேயே பற்றவைத்திருக்கும்; பின்னால் கூட்டவே முடியாது.

இதைவிட முக்கியம், வீட்டுக்கே வந்து பழுதுபார்க்கும் உத்தரவாதம் கொடைக்கானலின் 624101 அஞ்சல் குறியீட்டுக்கு உண்டா என்பது. மதுரையிலோ திண்டுக்கல்லிலோ வாங்கும்போது கடைக்காரர் 'உண்டு' என்று வாயால் சொன்னால் போதாது. நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பழுதுக்கும் மலையிறங்க வேண்டியிருக்கும். நீர் புகுந்த சேதம் சாதாரண உத்தரவாதத்தில் வராது. குளிரில் கொண்டுவந்த கருவியை வெதுவெதுப்பான அறையில் உடனே திறக்காமல், பைக்குள்ளேயே அரைமணி நேரம் விடுங்கள். உள்ளே ஈரம் பூக்காது.

ஜிஎஸ்டி ரசீது உங்கள் பெயரிலேயே, கருவியின் வரிசை எண்ணோடு இருக்கட்டும். தகராறு வந்தால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் செய்யுங்கள். தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திண்டுக்கல் நுகர்வோர் ஆணையத்தில், 2 ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்கு வழக்குக் கட்டணம் இல்லை.