காரைக்குடிப் பக்கம் பழைய செட்டியார் வீடுகளைப் பார்க்க, சாப்பிட: குழுவோடு போவதா, நாமே கார் எடுத்துச் சுற்றுவதா?

கேள்வி கேட்டவர் சென்னையிலிருந்து வருகிறார், கூட அம்மாவும் வருகிறார், இருவரும் சைவம். பழைய செட்டியார் வீடுகளையும் உள்ளூர்ப் பலகாரங்களையும் காட்டும் நடைப்பயணக் குழுக்கள் இருக்கின்றனவே, அதில் சேர்வது உருப்படியான வேலையா, இல்லை ஒரு காரைப் பிடித்து நாமே சுற்றிவிடலாமா என்கிறார்.

குழுவோடு போங்கள் என்பதுதான் என் பதில். சின்னக் குழுவாக இருக்க வேண்டும், ஒரே ஊருக்குள் நடக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. நான் காரைக்குடிக்காரன், நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், இல்லை. அப்பா ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப் பார்த்தவர், அதனால் இந்த வீடுகளின் முன்பக்கத்தைவிடப் பின்கட்டுதான் எனக்கு அதிகப் பழக்கம். வெளியூர் நண்பர்கள் வந்தால் கூட்டிக்கொண்டு சுற்றுவதும் உண்டு.

கார் எடுத்தால் என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். டிரைவர் உங்களைக் காரைக்குடியில் ஆயிரம் ஜன்னல் வீட்டுக்கு முன்னால் இறக்கிவிடுவார், 1941-இல் கட்டியது, வெளியே நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் கானாடுகாத்தான் அரண்மனை, ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாருடையது, 1912-ஐச் சேர்ந்தது, அதுவும் பெரும்பாலும் வாசலோடு சரி. ஆத்தங்குடியில் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டும் பெரிய வீட்டுக்குள் போகலாம், நன்றாகவே இருக்கும், ஆனால் விடுமுறை நாளில் உங்களோடு இரண்டு பஸ் கூட்டமும் உள்ளே இருக்கும். வழியில் பிள்ளையார்பட்டி தரிசனம், மத்தியானம் ஹோட்டலில் சாப்பாடு, சாயங்காலம் திரும்பிவிடலாம். குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் இந்த வீட்டில் மனிதர்கள் எப்படி இருந்தார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது.

மற்ற வீடுகளுக்குள் நீங்களாகப் போக முடியாது. கதவைத் தட்டினால் திறக்க ஆள் இருந்தாலும் திறக்கமாட்டார். ஒரு தாத்தா கட்டிய வீடு இன்றைக்கு அவருடைய பேரன், கொள்ளுப்பேரன் எல்லாருக்கும் பொது. பங்காளிகள் சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர், அமெரிக்கா என்று இருப்பார்கள். சாவி பின்கட்டில் குடியிருக்கும் காவல்காரக் குடும்பத்திடம் இருக்கும். யாராவது ஒரு பங்காளி போன் போட்டு "இன்னாரை உள்ளே விடு" என்று சொன்னால்தான் கதவு திறக்கும். நல்ல குழுக்காரர் செய்கிற பெரிய வேலை இதுதான், முன்கூட்டியே அந்தப் போனைப் போட வைப்பது. அவர் பேசும் வரலாறு புத்தகத்திலும் கிடைக்கும்.

உள்ளே போனதும் அவசரப்படாமல் வாசற்படியில் நின்று நேராகப் பாருங்கள். முகப்பு, பட்டாலை, வளவு என்கிற முற்றத்தோடு கூடிய நடுக்கட்டு, இரண்டாங்கட்டு, சமையல்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போய், கதவுகள் எல்லாம் திறந்திருந்தால், அடுத்த தெருவிலிருக்கும் பின்வாசல் வெளிச்சம் தெரியும். வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிறது. முகப்புத் திண்ணையில் ஆண்கள் கணக்கு வழக்குப் பார்த்தார்கள், வளவைச் சுற்றி இருபுறமும் வரிசையாக அறைகள். மகனுக்குக் கல்யாணம் ஆனால் ஓர் அறை. எவ்வளவு பெரிய பணக்காரனாக இருந்தாலும் அந்த அறை சின்னதுதான், அதில் சீர் சாமான்களைப் பூட்டி வைத்தார்கள், மற்றபடி இருந்தது படுத்தது எல்லாம் வளவிலும் பட்டாலையிலும். கல்யாணத்துக்குப் பிறகு 'வேறு வைப்பது' என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரே கூரைக்குள்ளேயே புது ஜோடிக்குத் தனி அடுப்பு, தனிச் செலவு. அப்பாவும் மகனும் ஒரே வீட்டில் இருப்பார்கள், கணக்கு மட்டும் வேறு வேறு. வட்டிக்கடைக்காரர்கள் வீடு என்பது அங்கேதான் புரியும். வளவில் கூரை நான்கு பக்கமும் உள்நோக்கிச் சரிந்திருக்கும், மழை பெய்தால் தண்ணீர் முழுக்க முற்றத்துக்கு வரும், அண்டாக்களை வைத்துப் பிடிப்பார்கள். வறண்ட சீமை இது, மழைத்தண்ணீரை வீணாக்க முடியுமா?

சுவரைக் கையால் தடவிப் பாருங்கள், கேட்டுவிட்டுத்தான். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் எல்லாம் சேர்த்து அரைத்துப் பூசி, பளபளப்பு வரும்வரை தேய்த்து எடுத்த பூச்சு. சித்திரை வெயிலிலும் கன்னத்தை வைத்தால் சில்லென்று இருக்கும். அழுக்குப் பட்டால் ஈரத்துணியால் துடைத்தால் போதும். தூண் பர்மா தேக்கு, சில வீடுகளில் இலங்கை முதிரை மரம், தரை இத்தாலியப் பளிங்கு, கண்ணாடி பெல்ஜியம் என்று குழுக்காரர்கள் அடுக்குவார்கள், அது உண்மைதான். ஆனால் அது எந்தப் பணம் என்பதைப் பலர் சொல்வதில்லை. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில், அங்கே வட்டிக்கடை வைத்திருந்த செட்டியார்கள் கைவசம் 1930-இல் இருந்தது சுமார் 6 சதவீத நிலம், 1938-இல் அது 25 சதவீதம். அவர்கள் நிலம் வாங்கப் போகவில்லை, உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் வாங்கிய பர்மிய விவசாயிகள் கட்ட முடியாமல் போனதில் ஈடாக வந்து சேர்ந்த நிலம் அது. அந்த விவசாயிகளின் கோபமும் கூடவே வந்தது. 1942-இல் ஜப்பான்காரன் வந்ததும் போட்டது போட்டபடி ஓடிவர வேண்டியதாயிற்று, சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமை ஆக்கியதோடு கதை முடிந்தது. இங்கே பெரிய வீடு கட்டுவதும் அந்தக் காலத்தோடு ஏறக்குறைய நின்றுபோயிற்று. வழிகாட்டியிடம் பர்மாவைப் பற்றி ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள். தேக்கு மரத்தோடு நிறுத்திக்கொண்டால் அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை நண்பர் குடும்பத்துக்காக ஒரு பெரிய குழுவோடு நானும் போனேன், பெயர் வேண்டாம். நாற்பது பேருக்கு மேல். ஒரு வீட்டு வளவில் நுழைந்ததும் எல்லாரும் போனைத் தூக்கிவிட்டார்கள், ஒரு பெண் பூட்டியிருந்த அறைக் கதவில் சாய்ந்துகொண்டு படத்துக்கு நிற்க, காவலுக்கு இருந்த பெரியம்மா பதறிப்போய், "அம்மா, அதுல சாயாதீங்க, அது சாமி வீடு" என்றார். முன்னோருக்குப் படைக்கிற அறை அது. வழிகாட்டிக்கே தெரியவில்லை. அதனால்தான் சின்னக் குழு என்கிறேன். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் என்றால் அந்த வீட்டில் யாரோடும் பேச முடியாது.

எந்த ஊர் என்றால் கானாடுகாத்தான். தெருக்கள் நேர்கோடாக, வீடுகள் பக்கம் பக்கமாக, காலையில் நடக்க நிழலும் கொஞ்சம் இருக்கும். காரைக்குடியிலிருந்து சுமார் பதினைந்து கிலோமீட்டர். கூட்டமே வேண்டாம் என்றால் பள்ளத்தூர், கொத்தமங்கலம். தேவகோட்டையும் நல்ல ஊர்தான், ஆனால் டவுன் ஆகிவிட்டது, நடக்கும்போது பைக்குக்கு ஒதுங்கியே நேரம் போய்விடும். ஆத்தங்குடிக்கு அப்புறமாக வண்டியில் போய், தரையில் பதிக்கும் டைல்ஸ் கல் போடுகிற பட்டறையை மட்டுமாவது பாருங்கள். கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, கலர் சிமெண்டுக் கரைசலைக் கரண்டியால் ஊற்றி, அதன் முதுகில் மணலும் சிமெண்டும் போட்டுத் தட்டிவிட்டு, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைக்கிறார்கள். சூளையே கிடையாது. மேல்பக்கப் பளபளப்பு முழுக்க அந்தக் கண்ணாடி கொடுப்பது. பூ டிசைனைக் கையாலேயே ஊற்றுகிற ஆள் ஒருவர் கிடைத்தால் நீங்கள் அரைமணி நேரம் அசையமாட்டீர்கள்.

இனி சாப்பாடு. செட்டிநாடு என்றாலே சிவப்பு எண்ணெய் மிதக்கும் கோழி என்று தமிழ்நாடு முழுக்க ஹோட்டல்காரர்கள் பழக்கிவிட்டார்கள், இங்கே வீட்டில் அப்படி யாரும் தினமும் சாப்பிட்டதில்லை. சைவக்காரர்களுக்கு இந்த ஊரில் நஷ்டம் எதுவும் இல்லை, சொல்லப்போனால் பலகாரத்தில்தான் செட்டியார் வீட்டு ஆச்சிமார்களின் கை தெரியும். வெள்ளைப் பணியாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சரிசியை டம்ளரில் தலைதட்டி அளந்து, அதே டம்ளரில் அரிசியின் மேலேயே கோபுரமாக நிற்கிற அளவு உளுந்து, அவ்வளவுதான் அளவு. ஊறவைத்து வெண்ணெய் மாதிரி ஆட்டி, உப்பும் துளி சர்க்கரையும் போட்டு, காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி ஊற்றினால் அது தானாக மேலே எழும்பி ஓரம் சுருங்கி வரவேண்டும். நிறம் மாறக் கூடாது, பொன்னிறமானால் அந்த ஈடு தோல்வி. காரத் துவையலோடு சுடச்சுடச் சாப்பிட வேண்டிய பண்டம், பத்து நிமிடம் போனால் தொய்ந்துவிடும். அதனால்தான் ஹோட்டலில் சரியாக வருவதில்லை, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் உண்டு. குழுவில் சேருமுன் "பணியாரம் அங்கேயே ஊற்றித் தருவார்களா, பொட்டலத்தில் வருமா" என்று கேளுங்கள். பொட்டலம் என்றால் வேறு குழுவைப் பாருங்கள்.

கவுனி அரிசி கட்டாயம். கறுப்பு அரிசி, பர்மா தொடர்பில் வந்து ஒட்டிக்கொண்டது, இன்றும் கல்யாண விருந்தில் அது இல்லாமல் இலை நிறையாது. இரவே ஊறவைத்து, குழைய வேகவிட்டு, சர்க்கரை, தேங்காய்ப்பூ, நெய். ரங்கோன் புட்டு என்று ஒன்று இருக்கிறது, ரவையில் செய்வது, பெயரிலேயே ஊர் வந்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மண்டி கேளுங்கள், வெண்டைக்காய் மண்டி. அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் போட்டு வைப்பது. அரண்மனை மாதிரி வீட்டில் கழுநீரைக்கூடக் கொட்டாமல் குழம்பு வைத்திருக்கிறார்கள் பாருங்கள், எனக்கு இந்த ஊரைப் பற்றிப் பிடித்த விஷயமே அதுதான். கந்தரப்பம், மசாலா சீயம், கும்மாயம், சீப்புச் சீடை எல்லாம் ஒரே நாளில் தின்ன முடியாது, முயற்சி செய்யாதீர்கள். முறுக்கு, சீடை, மாவுருண்டை வகையறாக்களைக் காரைக்குடிக் கடைகளில் எடை போட்டு வாங்கிக்கொள்ளலாம், அவை கெடாது.

வீட்டில் சாப்பாடு வேண்டும் என்றால் முதல் நாளே சொல்லியாக வேண்டும், நேரில் போய் நின்றால் சோறு கிடைக்காது. காவல்காரக் குடும்பத்துக்கு ஏதாவது கையில் கொடுத்துவிட்டு வாருங்கள், குழுக் கட்டணத்தில் அவர்களுக்குப் பங்கு போகிறது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மார்கழி, தை நடக்க வசதியான மாதங்கள், ஆனால் தையில் முகூர்த்த நாட்களில் பங்காளிகளே வந்து வீடு நிறைந்திருக்கும், சுற்றுலாவுக்குத் திறக்கமாட்டார்கள். கார்த்திகை தீபத்திலிருந்து 21-ஆம் நாள் வருகிற பிள்ளையார் நோன்பும் அப்படித்தான், குடும்பத்தோடு உட்கார்ந்து இழை எடுக்கிற, அதாவது திரி ஏற்றிய மாவுருண்டையை வாயில் போட்டுக்கொள்கிற நாள், அன்றைக்குத் தொந்தரவு செய்யாமல் இருப்பது நல்லது. முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளில் எனாமல் சட்டியும் மரப்பெட்டியும் பார்க்கலாம், இடித்துப்போன வீடுகளின் தூண்களும் கதவுகளும் அங்கேதான் வந்து சாய்ந்து நிற்கின்றன. விலையைப் பாதியிலிருந்து பேசுங்கள்.

அம்மா விஷயம். இந்த வீடுகள் உயரமான மேடையில் கட்டியவை, வாசலில் ஏழெட்டுப் படி இருக்கும், பெரும்பாலும் பிடித்து ஏறக் கம்பி கிடையாது. உள்ளே ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நிலைப்படியைத் தாண்ட வேண்டும், வெளிச்சம் குறைவு, தரை வழவழப்பு, செருப்பும் போட முடியாது. முழங்கால் வலி இருந்தால் இரண்டு வீட்டோடு நிறுத்திவிட்டு, மூன்றாவது வீட்டுக்கு நீங்கள் போகும்போது அவரை இரண்டாவது வீட்டுச் சமையல்கட்டில் ஆச்சியோடு பேசவிட்டுவிடுங்கள். பணியாரத்துக்கு எண்ணெய் எவ்வளவு காய வேண்டும், துவையலுக்கு எந்த மிளகாய் என்று உங்களைவிட அதிகம் கேட்டுத் தெரிந்துகொண்டு வருவார்.