‘டிவைஸ் பயன்பாட்டில் உள்ளது’ என்று வந்தால் ஹார்டு டிஸ்க்கைப் பிடுங்கலாமா?

கேள்வி: ஏற்காட்டில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாண ஆல்பங்களை டிசைன் செய்து, 2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, பிரின்ட் போட சேலத்துக்கு பைக்கில் கொண்டுபோவேன். கிளம்பும் நேரத்தில் எஜெக்ட் கொடுத்தால் ‘டிவைஸ் பயன்பாட்டில் உள்ளது’ என்றே வருகிறது. எல்லாவற்றையும் மூடிய பிறகும் அதே கதைதான். “இப்போதைய விண்டோஸில் அப்படியே பிடுங்கலாம் அண்ணா” என்கிறான் தம்பி. பிடுங்கலாமா?

பதில்: வேண்டாம். தம்பி சொல்வதில் பாதி சரி. 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, வெளியே செருகும் டிரைவ்களுக்கு ‘குயிக் ரிமூவல்’ என்ற அமைப்பு தானாகவே இருக்கிறது. காப்பி செய்யும் டேட்டாவை மெமரியில் தேக்கி வைக்காமல் டிஸ்க்குக்கு உடனுக்குடன் அனுப்பிவிடும் முறை அது. ஆகவே எதுவும் எழுதப்படாத நேரத்தில் பென் டிரைவை உருவினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

உங்கள் விஷயம் வேறு. அந்த எச்சரிக்கை வருகிறது என்றால், ஏதோ ஒரு புரோகிராம் டிஸ்க்கில் உள்ள ஃபைலை இன்னும் திறந்து வைத்திருக்கிறது. அது சும்மா வைத்திருக்கிறதா, எழுதிக்கொண்டிருக்கிறதா என்பது நமக்குத் தெரியாது. தெரியாமல் அடுத்தவர் வீட்டுக் கல்யாணப் படத்தைப் பணயம் வைக்கக் கூடாது.

வேகத்துக்காக யாராவது ‘பெட்டர் பெர்ஃபார்மன்ஸ்’ என்று மாற்றி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் அந்த டிஸ்க்கின் ப்ராப்பர்டீஸ், அதில் பாலிசீஸ். அப்படி மாற்றியிருந்தால், காப்பி பார் நிறைந்து மறைந்த பிறகும் டேட்டாவில் ஒரு பகுதி மெமரியிலேயே நிற்கலாம். அந்த நேரம் பிடுங்கினால் அது போய்விடும்; கரன்ட் போனாலும் அதே சேதம்தான். மலையில் இடி மழைக் காலம் எப்படி என்று உங்களுக்கே தெரியும். குயிக் ரிமூவலுக்கே மாற்றிவிடுங்கள்.

இனி, டிஸ்க்கைப் பிடித்து வைத்திருப்பது யார்? ஸ்டூடியோக்களில் முதல் சந்தேகம் போட்டோஷாப் மேல்தான். ஸ்க்ராட்ச் டிஸ்க்காக (வேலை நடக்கும்போது தற்காலிக ஃபைல்களை வைக்கும் இடமாக) அந்த எக்ஸ்டர்னலையே கொடுத்திருந்தால், ஃபைலை மூடினாலும் போட்டோஷாப் திறந்திருக்கும்வரை விடாது; புரோகிராமையே மூட வேண்டும். லைட்ரூமின் கேட்டலாக் (படங்களின் விவரங்களைக் குறித்து வைக்கும் ஃபைல்) அந்த டிஸ்க்கில் இருந்தாலும் இதே நிலைதான். அடுத்தது ஆன்டிவைரஸ் ஸ்கேன், போட்டோ ஃபோல்டர் திறந்து கிடக்கும் எக்ஸ்ப்ளோரர் விண்டோ. இவற்றையெல்லாம் மூடியும் வழிக்கு வரவில்லையென்றால் ஈவென்ட் வியூவரை (கம்ப்யூட்டரில் நடந்தவற்றின் பதிவுகளைக் காட்டும் விண்டோஸ் புரோகிராம்) திறந்து, விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்று போங்கள். ‘கெர்னல்-பிஎன்பி’ என்ற பெயரில் 225 என்ற எண் கொண்ட பதிவு இருக்கும். எஜெக்ட்டைத் தடுத்த புரோகிராம் எது என்று பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். பலருக்கு இப்படி ஒரு வசதி இருப்பதே தெரியாது.

அதற்கும் நேரமில்லை, கடையைப் பூட்டப் போகிறீர்கள் என்றால் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்துவிட்டுக் கழற்றுங்கள். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுக்க வேண்டும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால் சாதாரண ஷட் டவுனில் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. ஸ்லீப்பில் இருக்கும்போது கண்டிப்பாகக் கழற்றாதீர்கள்.

எஜெக்ட் ஆனதும் டிஸ்க்கைப் பைக்குள் தள்ளிவிடாதீர்கள். சில டிஸ்க்குகள் கேபிளை உருவிய பிறகுதான் சுழல்வதை நிறுத்தும். மேசையில் இருந்தபடியே மேலே கை வைத்துப் பாருங்கள். மெல்லிய அதிர்வு சில விநாடிகளில் அடங்கும். அதன் பிறகு எடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் டிஸ்க் நின்ற டிஸ்க்காக இருக்க வேண்டும். எஸ்எஸ்டி என்றால் இந்தக் கவலை இல்லை, உள்ளே சுழலும் பாகமே கிடையாது.

ஏற்கெனவே ஒருமுறை பிடுங்கிவிட்டு, இப்போது செருகினால் ‘ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்’ கேட்கிறதா? ஃபைல்கள் கண்ணுக்குத் தெரிந்தால் முதலில் வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுங்கள், ஸ்கேன் பிறகு. எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். விண்டோஸின் இன்னொரு ஃபார்மட்டான என்டிஎஃப்எஸ்ஸில் இருப்பதுபோல் பாதியில் நின்ற மாற்றத்தைச் சரிசெய்துகொள்ளும் பதிவேடு அதில் இல்லை. டிஸ்க்கிலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் ஸ்கேனும் வேண்டாம், காப்பியும் வேண்டாம். உடனே கழற்றி, டேட்டா ரெக்கவரி தெரிந்தவரிடம் கொடுங்கள்.