மலைநாட்டில் ஓட்ட ஒரு ஸ்போர்ட்ஸ் கார்: வெளியே என்ன நிறம், உள்ளே என்ன நிறம்?

கேள்வி இதுதான்: "ஹட்டனில் இருக்கிறேன். நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம்தான் கூடுதலான ஓட்டம். ஜப்பானிலிருந்து மஸ்டா ரோட்ஸ்டர் அல்லது டொயோட்டா ஜி.ஆர். 86 எடுக்க யோசனை. வெளியே ஆழ்ந்த சிவப்பு, உள்ளே வெள்ளை அல்லது கிரீம் லெதர். இந்தச் சோடி நம்ம பக்கத்துக்குச் சரிவருமா?"

சிவப்பைப் பிறகு பார்ப்போம். உள்ளே வெள்ளையும் கிரீமும் வேண்டாம்.

எல்லாரும் வெளி நிறத்தில்தான் தொடங்குவார்கள். நான் உள்ளேயிருந்து தொடங்கச் சொல்வேன். வெளி நிறம் அலுத்துப்போனால் ரெப் (பெயின்ட்டுக்கு மேல் ஒட்டும் நிற ஃபிலிம்) ஒட்டலாம், பெயின்ட் அடிக்கலாம். உள் நிறத்தை மாற்றப் போனால் சீட், கதவு அட்டை, கார்ப்பட், டேஷ்போர்ட் என்று எல்லாம் கழற வேண்டும். அதோடு இந்த இரண்டு காரிலும் சைட் எயர்பேக் இருக்கிறது. எயர்பேக் உள்ள சீட்டில் அது வெடித்து வெளியே வரும் தையல் வேறு மாதிரி நூலில், கணக்காகத் தைக்கப்பட்டது. சாதாரண குஷன் கடையில் புது உறை தைத்து இறுக்கிப் போட்டால், மோதும் நேரத்தில் எயர்பேக் சரியாகத் திறக்காமல் போகலாம். ஆகவே கார் எந்த உள் நிறத்தோடு வருகிறதோ அதோடுதான் நீங்கள் வாழப் போகிறீர்கள்.

அடுத்தது பூஞ்சணம். ஹட்டன் பக்கம் தென்மேற்குப் பருவமழை மே தொடங்கி செப்டெம்பர் வரை விடாது. பண்டாரவளை, பதுளைப் பக்கம் வடகீழ் மழை அதற்குப் பிறகு வரும். காற்றில் ஈரப்பதன் 70 சதவீதத்துக்கு மேலே நிற்கும்போது, பூட்டி நிறுத்திய காருக்குள் லெதரில் சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடிக்கும். தோலில் ஊறிய வியர்வையும் எண்ணெயும் அதற்குச் சாப்பாடு. கறுப்பு லெதரில் அது சாம்பல் பூசியதுபோல் உடனே தெரியும், அன்றைக்கே துடைத்துவிடலாம். கிரீம் லெதரில் தொடக்கம் கண்ணுக்குப் படாது. தெரியும்போது தையல் ஓரத்தில் கரும்புள்ளியாக இறங்கியிருக்கும், அதற்குப் பிறகு முழுதாகப் போகாது. வெளிர் நிறம் அழுக்கைக் காட்டும், கறுப்பு மறைக்கும் என்ற பொதுப் பேச்சு பூஞ்சணத்தில் தலைகீழ்.

துடைக்கும் முறை: ஐசோபுரோப்பைல் அல்ககோலும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியில் நனையுங்கள், சீட்டில் நேரே ஸ்ப்ரே பண்ண வேண்டாம். முதலில் சீட்டுக்கு அடியில் மறைவான இடத்தில் தேய்த்துப் பாருங்கள். துணியில் சாயம் ஏறினால் நிறுத்திவிட்டு லெதர் கிளீனருக்கு மாறுங்கள். பழுப்பு, டெரகோட்டா நிறங்களில் இந்தச் சோதனை கட்டாயம். துடைத்த பிறகு கண்ணாடியை இறக்கி நன்றாகக் காயவிட்டு, கண்டிஷனரை மெல்லிசாக ஒரு தடவை போட்டால் போதும். தடிப்பாகப் பூசினால் அதுவே அடுத்த பூஞ்சணத்துக்குத் தீனி. ஈரம் உறிஞ்சும் கல்சியம் குளோரைட் டப்பா வைப்பவர்கள் சீட்டில் வைக்காதீர்கள். அதில் சேரும் தண்ணீர் சிந்தினால் லெதரும் கெடும், சீட் ரெயிலும் துருப்பிடிக்கும்.

மூன்றாவது நமது சிவப்பு மண். தோட்டத்து ரோட்டில் இறங்கி ஏறிய சப்பாத்து, தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் காரில் கால் வைக்கும்போது கதவுப் படியிலும் சீட்டின் பக்க மேட்டிலும் உரசாமல் உள்ளே போகாது. அந்த மண்ணின் சிவப்பு இரும்பு ஒட்சைட்டு. ஈரத்துணியால் தேய்த்தால் வெளிர் கார்ப்பட்டின் நூலுக்குள் சாயம்போல் ஏறும். காயவிட்டு, வெக்யூமால் இழுத்து, மிச்சத்துக்கு மட்டும் தண்ணீர் காட்டுங்கள். புது ஜீன்ஸின் நீலமும் வெள்ளை லெதரில் இறங்கும், மழையில் நனைந்த ஜீன்ஸ் என்றால் இன்னும் வேகம்.

டிரைவர் சீட்டின் வெளிப்பக்க மேடுதான் முதலில் தேயும். கறுப்பில் அதைச் சரிசெய்வது லேசு: சுத்தம் செய்து, 600 கிரிட் உப்புத்தாளால் மெதுவாக உரசி, லெதர் நிறத்தை மூன்று நான்கு மெல்லிய பூச்சாக அடித்து, மேலே மங்கலான டொப்கோட் (கடைசிப் பாதுகாப்புப் பூச்சு). டேன் (இளம் பழுப்பு) நிறத்தில் இதே வேலைக்கு நிறம் சேர்ப்பதே பெரிய பாடு, இடது சீட்டோடு ஒத்துப்போகாது.

டேஷ்போர்ட் விஷயம் பாதுகாப்போடு சம்பந்தப்பட்டது. மேல்பக்கம் வெளிர் நிறமாகவோ பளபளப்பாகவோ இருந்தால் அது முன் கண்ணாடியில் பிரதிபலிக்கும். வெளியே மூடுபனி, அதற்கு மேல் கண்ணாடியில் ஒரு வெள்ளைத் திரை: ரம்பொடை வளைவுகளில் இது விளையாட்டில்லை. மேல்பக்கம் மங்கலான கறுப்பாகவே இருக்கட்டும். சேர்விஸ் ஸ்டேஷனில் சிலிக்கன் ஸ்ப்ரே அடித்து மினுக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கறுப்பு சலிப்பு என்றால் ஒரு இடைவழி இருக்கிறது. மேலே கறுப்பு, சீட்டும் கதவு நடுப்பகுதியும் சாயம் கூடின பிளேன்டீ நிறம். மண்ணும் அதில் அவ்வளவாகத் தெரியாது. பால் டீ நிறம் வரைக்கும் போகாதீர்கள். ஜி.ஆர். 86இல் கறுப்போடு சிவப்பு சேர்ந்த உள்பக்கமும் உண்டு, அதுவும் இங்கே தாங்கும். அல்கந்தாரா போன்ற, மெல்லிய ரோமம் உள்ள தோல் மாதிரித் துணி கறுப்பாக இருந்தாலும் கை படும் ஸ்டீயரிங்கில் வேண்டாம். எண்ணெய் ஏறிப் படிந்து கட்டியாகிவிடும்.

ரோட்ஸ்டர் என்றால் கூரைத் துணியும் ஒரு நிறத் தேர்வுதான், பலர் மறந்துவிடுகிறார்கள். 2024 மாதிரியில் வந்த வி செலெக்‌ஷனில் பீஜ் கூரையும் டேன் லெதரும் சோடி. படத்தில் அழகு. ஆனால் இங்கே நிழல் மரத்து இலையும் பாசியும் பிடித்து ஒரு மழைக்காலத்தில் தையல் ஓரம் பச்சையாகும். கறுப்புக் கூரையை எடுங்கள். எந்த நிறமானாலும் ஈரத்தோடு மடிக்கக் கூடாது. கூரை மடியும் இடத்தில், சீட்பெல்ட் தூணுக்குப் பின்னால், தண்ணீர் இறங்கும் துவாரம் இரண்டு பக்கமும் உண்டு. மாதம் ஒருமுறை அரை லீட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். காருக்கு அடியில் வராவிட்டால் இலை அடைத்திருக்கிறது, சீட்டுக்குப் பின்னால் கார்ப்பட் ஊறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இனி வெளியே. இரண்டு கேள்விதான். மூடுபனியில் தெரியுமா? அடிபட்டால் நம்ம பக்கத்துப் பெயின்ட் பாஸால் அதே நிறத்தைக் கொண்டுவர முடியுமா?

பனிக்குள் வெள்ளை, சில்வர், சாம்பல் மூன்றும் கரைந்துபோகும். தேயிலை மலைக்கு முன்னால் கரும்பச்சை கரையும். பிரிட்டிஷ் பந்தயப் பச்சைக்கு வரலாறு பெரிது: 1903இல் அயர்லாந்தில் நடந்த கோர்டன் பெனட் போட்டியில் பிரிட்டிஷ் கார்கள் பச்சையில் ஓடின. 1990இல் ஜப்பானில் வந்த யூனோஸ் ரோட்ஸ்டர் (மஸ்டா ரோட்ஸ்டரின் அன்றைய பெயர்) வி ஸ்பெஷலில் பச்சையும் டேன் லெதரும் சேர்ந்த சோடியை இன்றும் தேடுகிறார்கள். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் நிறுத்தினால் கூட்டம் கூடும். மழை நாளில் எதிரே வரும் பஸ் டிரைவருக்கு அது தேயிலைச் செடி. சிவப்பும் பகலில் பளிச்சென்றிருந்து அந்தியில் ஏமாற்றும். வெளிச்சம் குறையும்போது நம் கண் சிவப்பைக் கறுப்பாகத்தான் வாங்குகிறது, நீலம் அதைவிட வெளிச்சமாகத் தெரியும். ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில் வெள்ளையோடு ஒப்பிட்டால் கறுப்பு, நீலம், சாம்பல், பச்சை, சிவப்பு, சில்வர் கார்களுக்கு விபத்து அபாயம் கூட என்று வந்தது. ஆனால் அது அங்கத்தைய வெயிலின் கணக்கு, ரம்பொடைப் பனிக்கு அப்படியே பொருந்தாது. பனியில் உங்களைக் காட்டுவது லைட்தான். பகலிலும் லோ பீமைப் போட்டு ஓட்டுங்கள்.

உயரம் கூடினால் புறஊதா வெயிலும் கூடும்: 1,000 மீற்றருக்குச் சுமார் 10 சதவீதம். நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது. குளிராக இருப்பதால் வெயில் உறைக்காது, பெயின்ட்டுக்கு உறைக்கும். கிளியர்கோட் (நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு) இல்லாத பழைய சொலிட் சிவப்புதான் இளஞ்சிவப்பாக வெளுக்கும். இன்றைய கார்களுக்கு அந்தப் பயம் குறைவு.

நீங்கள் சொல்லும் ஆழ்ந்த சிவப்பு மஸ்டாவின் சோல் ரெட் கிறிஸ்டல் என்றே எடுத்துக்கொள்கிறேன், நிற எண் 46வி. அடியில் அலுமினியத் துகள் கலந்த பிரதிபலிக்கும் பூச்சு, அதற்கு மேல் ஒளி ஊடுருவும் சிவப்பு, அதற்கு மேல் கிளியர். நடுச் சிவப்பில் ஒரு கை கூடினால் கறுத்துப்போகும், குறைந்தால் செம்மஞ்சள் அடிக்கும். பம்பரில் சின்னக் கீறல் என்றாலும் பக்கத்து மட்கார்ட், பொனட் வரை நிறத்தைக் கலந்து இறக்கினால்தான் எல்லை தெரியாது. அதற்கு முந்திய சோல் ரெட் 41வி, பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான், நிறம் வேறு. எண்ணைச் சொல்லாமல் "மஸ்டா சிவப்பு" என்று வாங்கினால் ஒரு கதவு மட்டும் வேறு குடும்பத்துப் பிள்ளை மாதிரி நிற்கும். மெஷின் கிரே 46ஜியும் இதே வகைச் சிக்கல். ஸ்னோஃபிளேக் வெள்ளை 25டி பேர்ள் (முத்துப்போல் மினுங்கும் நிறம்) என்பதால் அதற்கும் மூன்று பூச்சு. டீப் கிறிஸ்டல் நீலம் 42எம் சாதாரண நிறம்-கிளியர் இரட்டைப் பூச்சு, எந்த நல்ல கராஜிலும் சேரும்.

இருந்தாலும் 46விதான் வேண்டும் என்றால் தடுக்கமாட்டேன், அந்த நிறத்துக்கு ஈடில்லை. கார் வந்த வாரமே பொனட், முன் பம்பர், மட்கார்ட் முன்பகுதி, கண்ணாடிக் காது, கதவுப் படி ஆகியவற்றுக்கு 150 முதல் 200 மைக்ரோன் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டிவிடுங்கள். முன்னால் போகும் லொறி எறியும் கல் படும் இடங்கள் அவைதான். பெயின்ட் அடிக்க வேண்டி வந்தால், தகட்டுத் துண்டில் சிவப்பை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு பூச்சாகப் படிக்கட்டு மாதிரி அடித்து, கிளியரும் போட்டு, காருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கராஜுக்குள் டியூப் லைட்டில் பொருந்துவது வெளியே பொருந்தாது. இரண்டிலும் பாருங்கள். இதைச் செய்ய அலுத்துக்கொள்ளும் பாஸிடம் இந்தக் காரைக் கொடுக்காதீர்கள்.

மலையில் பெயின்ட் அடிப்பதே தனி வித்தை. 15 பாகைக் குளிரில் டூ-கே கிளியர் (ஹார்டனர் கலந்து அடிக்கும் கிளியர்) மெதுவாகத்தான் இறுகும். பின்னேரம் அடித்து வெளியே வைத்தால் இரவுப் பனி படிந்து பளபளப்பு செத்துவிடும். சூடான பூத்தில் 60 பாகையில் அரை மணித்தியாலம் வைப்பதுதான் முறை. பூத் இல்லாத இடத்தில் ஹார்டனரை அளவுக்கு மேல் ஊற்றி அவசரப்படுத்துவார்கள், பூச்சு நொறுங்கும். விகிதம் டின் தாளில் இருக்கிறதுதான், குளிருக்கு வேக ஹார்டனர் தனியாக வாங்க வேண்டும். ரோட்ஸ்டரின் பொனட், முன் மட்கார்ட், டிக்கி மூடி அலுமினியம். ஜி.ஆர். 86இல் பொனட், மட்கார்டோடு கூரையும் அலுமினியம். அவற்றில் எபொக்சி பிரைமர் இல்லாமல் புட்டி வைத்தால் ஓரத்தில் கொப்பளித்து எழும்.

கறுப்பு எடுப்பவர்களுக்கு ஒன்று: சிவப்பு மண் ஒட்டிய காரை நேரே துணியால் துடைத்தால் அது உப்புத்தாள். முதலில் பைப் தண்ணீரால் மண்ணை ஓடவிட்டு, இரண்டு வாளியில் கழுவுங்கள். கிளியர்கோட் 40, 50 மைக்ரோன்தான், ஒவ்வொரு கட்டிங் பொலிஷும் அதில் கொஞ்சம் தின்னும். மெட் (பளபளப்பில்லாத) பெயின்ட் வேண்டவே வேண்டாம். டர்பன்டைன் மரத்துப் பிசினும் பறவை எச்சமும் கறையாகிவிட்டால் பொலிஷ் பண்ண வழியில்லை.

இரண்டு மனமாக இருந்தால் சாதாரண நிறத்தில் காரை எடுத்து ரெப் ஒட்டலாம். ஆனால் மறுபெயின்ட் ஆன பெனலில் இருந்து ரெப்பைக் கழற்றும்போது பெயின்ட்டும் சேர்ந்து உரியக்கூடும். சி.ஆரில் (வாகனப் பதிவுச் சான்றிதழில்) நிறமும் பதிவாகியிருக்கும், முழு நிறத்தை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதையும் திருத்த வேண்டும்.

வாங்குவதற்கு முன் ஜப்பான் ஏலத் தாளைக் கேட்டு வாங்குங்கள். பெனல் படத்தில் டபிள்யூ என்றால் தட்டி எடுத்துப் பெயின்ட் ஆனது, இரட்டை எக்ஸ் என்றால் பெனலே மாற்றியது. நிற எண்ணுக்கென்று தனிக் கட்டம் இருக்கும், முழு நிறமும் மாற்றிய கார் என்றால் அதுவும் குறித்திருப்பார்கள். கார் வந்ததும் அந்த எண்ணைக் கதவுத் தூணிலோ பொனட்டுக்குள்ளோ உள்ள தகட்டோடு ஒப்பிடுங்கள். பிறகு பெயின்ட் தடிப்பு மானியை ஒவ்வொரு பெனலிலும் நான்கு இடத்தில் வையுங்கள், அலுமினியமும் அளக்கும் வகையாக இருக்கட்டும். 100 முதல் 150 மைக்ரோன் கம்பனிப் பூச்சு. 200 தாண்டினால் மேலே இன்னொரு கை விழுந்திருக்கிறது. 300 தாண்டினால் உள்ளே புட்டி இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு விலையைப் பேசுங்கள்.