கடலோரம் போய் வருவது பற்றிக் கேட்டீர்கள், சொல்கிறேன்

பள்ளிப் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகும் ஆசிரியையாக ஆரம்பித்தேன். அப்புறம் பெரியவர்கள் குழு, குடும்பங்கள், தனியாக வருகிறவர்கள் என்று இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகிறோம். போனதைவிட அதிகமாகக் களைத்துத் திரும்புகிறோம். எங்கே தப்பு செய்கிறோம்?

வருஷத்துக்கு ஒரு தடவை என்கிறீர்களே, அங்கேதான். ஒரே ஒரு நாள் என்பதால் அதன் தலையில் எல்லாவற்றையும் ஏற்றுகிறீர்கள். குளியல், படகு, பந்து, ஆளுக்கு ஐம்பது படம், பொழுது சாய்வதற்குள் இன்னும் இரண்டு இடம். இதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம். ஒரு முழு நாளை இரண்டு அரை நாளாக உடைத்து, இரண்டு தடவை போய்ப் பாருங்கள்.

என்னோடு வருகிறவர்களுக்கு ஒரே ஒரு விதிதான் வைத்திருக்கிறேன். இறங்கியதும் முதல் அரை மணி நேரம் எதுவும் செய்யக் கூடாது, பையைக்கூடப் பிரிக்கக் கூடாது. முதல் ஐந்து நிமிடம் எல்லாருக்கும் இருப்புக் கொள்ளாது. ஒருவர் போனைத் தேடுவார், ஒருவர் மணி பார்ப்பார். பத்தாவது நிமிடம் யாராவது கால் கட்டைவிரலால் மணலில் கோடு கிழிக்க ஆரம்பிப்பார். அதற்கப்புறம் கவலையில்லை, ஆள் வந்து சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம்.

அந்த நேரத்தில் அலையை எண்ணச் சொல்வேன். திறந்த கடலிலிருந்து வரும் நீளமான அலை ஏறக்குறைய பத்து நொடிக்கு ஒன்று வரும். எங்கோ தொலைவில், சில நாள் முன்னால் அடித்த காற்று கிளப்பிவிட்டது அது. அந்தத் தண்ணீர் அங்கிருந்து வரவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். ஆழ்கடலில் மிதக்கும் ஒரு கட்டை, அலை கடக்கும்போது மேலே ஏறி முன்னே சாய்ந்து, கீழே இறங்கிப் பின்னே வந்து, கிட்டத்தட்ட பழைய இடத்திலேயே நிற்கும். பயணம் செய்வது தள்ளல் மட்டும்தான். பத்து நொடிக்கு ஒன்று என்றால் நிமிடத்துக்கு ஆறு. மூச்சுப் பயிற்சியிலும் நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்றுதான் பல இடங்களில் சொல்லிக் கொடுக்கிறார்கள். இங்கே யாரும் சொல்லாமலே மூச்சு அந்தப் பக்கம் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கடல் காற்று உடம்புக்கு நல்லது என்பதெல்லாம் நிஜமா மேடம், இல்லை சும்மா ஒரு நம்பிக்கையா?

இரண்டும் கலந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற ஆங்கிலேய மருத்துவர் கடல் நீரே மருந்து என்று 1750-ல் லத்தீனில் ஒரு நூல் எழுதினார். குளிக்கச் சொன்னதோடு விடவில்லை, குடிக்கவும் சொன்னார்! பிரைட்டன் என்ற கரையோர ஊருக்கு நோயாளிகள் கூட்டம் கூட்டமாகப் போனதற்கு அவர் ஒரு முக்கியக் காரணம். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிற தண்ணீர் அது. தயவுசெய்து குடித்துப் பார்க்காதீர்கள்.

அதற்கடுத்த நூற்றாண்டில் கடல் வாசனையே ஓசோன் என்று நம்பினார்கள். உண்மையில் அந்த வாசனையில் பெரும்பங்கு டைமெத்தில் சல்பைடு என்ற வாயு. கடலின் நுண்பாசிகள் உண்டாக்கும் ஒரு பொருளைப் பாக்டீரியாக்கள் உடைக்கும்போது வருவது.

இந்தக் காலத்து ஆராய்ச்சி இன்னும் அடக்கமாகப் பேசுகிறது. 2019-ல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வில், வாரத்துக்கு மொத்தம் 120 நிமிடமாவது இயற்கையோடு கழித்தவர்கள், அறவே போகாதவர்களைவிடத் தங்கள் உடல்நிலையும் மனநிலையும் நன்றாக இருப்பதாகச் சொன்னது தெரியவந்தது. அது கடலை மட்டும் பற்றியதல்ல; பூங்கா, காடு எல்லாம் அதில் சேர்த்தி. தெம்பாக இருப்பவர்கள்தான் வெளியே போகிறார்களோ என்றும் கேட்கலாம், நியாயமான கேள்வி. எனக்கு அதில் பிடித்தது வேறு: ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் போனாலும், பிரித்துப் பிரித்துப் போனாலும் பலன் ஒன்றுதான் என்று இருந்தது. கடல் தூரமாக இருக்கிறவர்கள் பக்கத்தில் இருக்கும் ஆற்றங்கரையை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: காலையா, மாலையா?

நான் காலைக் கட்சி. தரை சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். வெயில் ஏற ஏற, தரைமேல் இருக்கும் காற்று மேலே எழும். அந்த இடத்தை நிரப்பக் கடல் பக்கத்திலிருந்து காற்று உள்ளே வரும். அதனால் பிற்பகலில் காற்றும் சிற்றலையும் அதிகம். விடியற்காலையில் பெரும்பாலும் தண்ணீர் வழவழவென்று இருக்கும், பேசினால் பேச்சு கேட்கும்.

உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில் வெயிலில் உட்கார வேண்டாம். குடைக்குள் இருக்கிறோமே என்று நினைக்காதீர்கள். காய்ந்த மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தைத் திருப்பி அடிக்கும், அலை நுரை சுமார் 25 சதவீதம். வெயில் கீழேயிருந்தும் வரும்.

கேள்வி: அப்பாவுக்கு எண்பது வயது, முழங்கால் வலி. கடலில் கால் நனைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். மணலில் எப்படிக் கூட்டிப் போவது, அக்கா?

கட்டாயம் கூட்டிப் போங்கள். கஷ்டமெல்லாம் காய்ந்த மணலைக் கடக்கும் அந்தக் கொஞ்ச தூரம்தான். ஈர மணலில் துகள்களுக்கு நடுவே இருக்கும் நீர் அவற்றை இழுத்துப் பிடித்திருக்கும், அதனால் கெட்டியாக இருக்கும். காய்ந்த மணலில் அந்தப் பிடிப்பு இல்லை, கால் புதையும். ஆகவே சாலையோ நடைபாதையோ நீருக்கு மிக அருகில் வரும் இடமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கடல் வற்றியிருக்கும் நேரமாகப் போனால் நடக்கக் கெட்டியான ஈரத் தரை அகலமாகக் கிடைக்கும். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். அதாவது இன்றைக்கு வற்றிய நேரம் நாளைக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். நாற்காலி கொண்டு போனால் கால்களுக்கு அடியில் ஒரு பலகை போடுங்கள், இல்லையென்றால் ஒரு பக்கமாகச் சாயும்.

நீருக்குள் நிற்கும்போதுதான் கவனம் வேண்டும். அலை திரும்பும்போது குதிகாலுக்கு அடியில் மணல் அரித்துக்கொண்டு போகும், நிற்கிறவர் பின்பக்கமாகச் சாய்வார். அதே நேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தால், நீர் ஓடுவது தெரியாமல் நாமே நகர்வது போலத் தலை சுற்றும். என்னோடு வந்த ஒரு தாத்தா அப்படித்தான், கணுக்கால் அளவு தண்ணீரில், "என்னை யார் இழுக்கிறது?" என்று கத்திவிட்டார். அப்பாவைத் தூரத்தில் தெரியும் அடிவானக் கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று, முழங்கைக்குக் கீழே உங்கள் கையைக் கொடுங்கள். அவர் உங்களைப் பிடிக்கட்டும், நீங்கள் அவரைப் பிடித்து இழுக்க வேண்டாம். ஒவ்வோர் அலைக்கும் ஒரு அடி இடம் மாறி நின்றால் பள்ளம் விழாது.

கேள்வி: பதினாலு வயதுப் பையன் வரவே மாட்டேன் என்கிறான். வந்தாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறான்.

வைத்துக்கொள்ளட்டும். சந்தோஷமாக இரு என்று யாரையும் அதட்ட முடியாது. ஒரு பொறுப்பை மட்டும் அவன் கையில் கொடுத்துவிட்டு விலகிவிடுங்கள்: வற்றம் எத்தனை மணிக்கு, அதற்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த இடத்தில் உட்காருவது, எல்லாம் அவன் முடிவு. தப்பான இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும் அங்கேயே உட்காருங்கள்.

கேள்வி: நாலு குடும்பம் சேர்ந்து போகிறோம், ஏழு பிள்ளைகள். இத்தனை பேர் இருக்கிறோமே, பயப்பட வேண்டியதில்லைதானே?

இத்தனை பேர் இருப்பதுதான் பயமே. எல்லாரும் பார்க்கிறார்கள் என்று எல்லாரும் நினைப்பார்கள், கடைசியில் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். முறை போடுங்கள். இருபது நிமிடம் ஒருவர்; அந்த இருபது நிமிடம் அவருக்குப் பேச்சு கிடையாது, போன் கிடையாது, கண் தண்ணீரில்தான். முறை மாறும்போது வாய்விட்டுச் சொல்லி மாற்றுங்கள். நீரில் முங்குகிறவர் பெரும்பாலும் கத்த மாட்டார், கையை ஆட்டவும் முடியாது. மூச்சுக்கே போராடும்போது சத்தம் எங்கேயிருந்து வரும்?

அலை உடையும் கரையில் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் ஒன்று இருக்கும். பார்க்க அப்பாவியாக இருப்பதுதான் அதன் கெட்ட குணம். இரண்டு பக்கமும் நுரைத்துக்கொண்டு உடைய, நடுவில் ஒரு பட்டை மட்டும் அலை இல்லாமல், கொஞ்சம் கருமையாக, அமைதியாகத் தெரியும். பிள்ளை விளையாட நல்ல இடம் என்று அங்கேதான் கொண்டு போய் விடுவோம். கரைக்கு வந்த நீரெல்லாம் திரும்பிப் போகும் வாய்க்கால் அது. மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக் கூடாது, நல்ல நீச்சல்காரரே களைத்துவிடுவார். அது ஆளைக் கீழே இழுக்காது, கரையை விட்டுத் தள்ளித்தான் கொண்டு போகும். மிதந்துகொண்டு கையைக் காட்டி உதவி கேட்க வேண்டும்; முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, அப்புறம் கரைக்குத் திரும்ப வேண்டும். உயிர்காப்பாளர் இருக்கும் கடற்கரையாகப் பார்த்துப் போங்கள். காற்றடைத்த மிதவை வேண்டவே வேண்டாம். தரையிலிருந்து காற்று வீசினால் அது பிள்ளையோடு போய்விடும்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒரு விளையாட்டும் சொல்லாவிட்டால் எப்படி? மேற்கு பார்த்த கரையாக இருந்தால், சூரியன் மறையும்போது எல்லாரும் மணலில் படுத்துப் பாருங்கள். கடைசிப் பொட்டு மறைந்த கணமே ஏழு பேரும் துள்ளி எழுந்தால், சில நொடிக்கு அதே சூரியன் மறுபடியும் தெரியும். கண் உயர உயர அடிவானம் தள்ளிப் போகிறது, அவ்வளவுதான் சங்கதி. கிழக்குக் கரை என்றால் விடியலில் தலைகீழாகச் செய்யுங்கள்: நின்றுகொண்டு முதல் பொட்டைப் பார்த்ததும் படுத்தால் சூரியன் திரும்பப் போய்விடும். மேகம் இருந்தால் நடக்காது. ஒரு தடவை கூட்டமே குதித்து எழுந்ததில் ஓர் அம்மாவின் மூக்குக் கண்ணாடி மணலுக்குள் போய், அரை மணி நேரம் எல்லாரும் மண்டியிட்டுத் தேடினோம். அன்றைக்கு வந்தவர்கள் சூரியனை மறந்துவிட்டார்கள், கண்ணாடியைத்தான் இன்றுவரை பேசுகிறார்கள்.

கேள்வி: கல்லூரித் தோழிகள் ஆறு பேர். மூன்று வருடமாகத் திட்டம் போடுகிறோம், எல்லாருக்கும் ஒத்துவரும் தேதி கிடைக்கவே இல்லை.

அலை ஓய்ந்து தலை முழுகுவது என்பது இதுதான். மூன்று பேருக்கு ஒத்துவந்தால் கிளம்புங்கள்.

கேள்வி: என் மனைவி போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இருவரும் அடிக்கடி கடற்கரையில் போய் உட்காருவோம். பிள்ளைகள் வா என்று கூப்பிடுகிறார்கள். போனால் மனசு லேசாகுமா, பாரமாகுமா அம்மா?

முதலில் பாரமாகத்தான் இருக்கும், ஐயா. அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனசில்லை. பழைய இடத்துக்கே முதலில் போக வேண்டாம், அதே கரையில் கொஞ்சம் தள்ளிப் போங்கள். பிள்ளைகள் எல்லாரோடும் போகாமல், அதிகம் பேசாத ஒருவரோடு போங்கள். வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்தால் ஏதாவது பேசித்தான் ஆக வேண்டும், முகத்தைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே இருவரும் ஒரே பக்கம் பார்த்து உட்காருவதால் அந்தக் கட்டாயம் இல்லை. கண் கலங்கினாலும் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

உங்களைப் போல ஒருவர் எங்கள் குழுவில் வந்தார். நாலு தடவை வந்து பேசாமல் உட்கார்ந்து எழுந்து போனார். ஐந்தாவது தடவை பக்கத்தில் இருந்தவரிடம், "அவள் இந்நேரம் செருப்பைக் கையில் எடுத்திருப்பாள்" என்றார். பிறகு தன்னுடையதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நீரோரமாக நடந்தார். எத்தனை நாளில் என்று கணக்கு வைக்காதீர்கள். பாதியில் எழுந்து வரத் தோன்றினால் எழுந்து வந்துவிடுங்கள், கூட வந்தவரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கேள்வி: சிப்பி பொறுக்கலாமா?

உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு. காலிச் சங்கு என்று நினைத்து எடுப்பதில் துறவி நண்டு குடியிருக்கும். காலியாகவே இருந்தாலும் அது அடுத்த நண்டுக்கு வீடு. ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சில கரைகளில் எடுக்கவே அனுமதி இல்லை.

கேள்வி: வீடு முழுக்க மணல் வருகிறது, அதற்கு ஏதாவது வழி சொல்லுங்கள்!

ஈரமாக இருக்கும்போது தேய்க்காதீர்கள். மேலே சொன்ன அதே பிடிப்புதான் காலிலும் ஒட்ட வைக்கிறது. காயவிட்டு ஒரு தட்டுத் தட்டினால் தானாக உதிரும். கால்சட்டைப் பையை வெளிப்பக்கமாகத் திருப்பி உதறுங்கள். அதற்கப்புறமும் இரண்டு வாரம் வரும்.