கல்லூரி விளையாட்டு வீரர்களை ரசிகர்கள் வெளிப்படையா விமர்சிக்கலாமா?

கேள்விக்குக் கீழே நீங்க ரெண்டு விஷயம் எழுதியிருக்கீங்க. அமெரிக்காவுல கல்லூரி விளையாட்டுக்காரங்க இப்போ காசு வாங்கறாங்க, அதனால ரசிகனுக்குக் கேள்வி கேட்கற உரிமை வந்துடுச்சுங்கறது ஒண்ணு. நம்ம ஊர்லயும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட்டும் கிரேஸ் மார்க்கும் வாங்கிட்டு ஒழுங்கா விளையாடலைன்னா நாங்க வாயை மூடிட்டு இருக்கணுமாங்கறது இன்னொண்ணு. ரெண்டாவதைப் படிச்சதுக்கு அப்புறம்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உங்க காலேஜ் டீம் சமீபத்துல எங்கேயோ தோத்திருக்கு, அந்த எரிச்சல் இன்னும் ஆறலைன்னு நினைக்கறேன்.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். ஆட்டத்தைப் பத்திப் பேசலாம், தாராளமா பேசலாம். ஆனா திருப்பிப் பதில் சொல்ல வழியில்லாத ஒரு பிள்ளையைப் பேரும் முகமும் போட்டு நடுத்தெருவுல நிறுத்தக் கூடாது.

நான் பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறை பக்கம். இருக்கறது கேரளாவுல, ஆனா வீடு, தோப்பு, கடை எல்லா இடத்துலயும் தமிழ்தான். வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினா கோயமுத்தூர் ஜில்லா. அப்பா தென்னந்தோப்பு குத்தகைக்கு எடுத்திருக்கார், அம்மா மாடு வெச்சு சொசைட்டிக்குப் பால் ஊத்தறாங்க. நானும் பள்ளிக்கூடத்துல ஓடினவதான், ஜில்லா மீட்டோட நின்னுடுச்சு. என் தங்கச்சி அதுக்கு மேலே போனா. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுலதான் காலேஜ்ல சேர்ந்தா, அதைச் சொல்றதுல எனக்குப் பெருமைதான்.

பாலக்காட்டுல ஓட்டம்னா சாதாரண விஷயம் இல்லைங்க. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுல 400 மீட்டர் தடை ஓட்டத்துல தங்கம் வாங்கின எம்.டி. வல்சம்மா பாலக்காடு மெர்சி காலேஜ்ல படிச்சவங்க. முண்டூர் பி.யு. சித்ரா 2017ல புவனேஸ்வர் ஆசிய சாம்பியன்ஷிப்ல 1500 மீட்டர் தங்கம். 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த்ல நீளம் தாண்டி வெள்ளி வாங்கின ஸ்ரீசங்கர் எங்க ஜில்லாப் பையன். அதனால இங்கே பார்க்கறவங்களுக்கு விவரம் ஜாஸ்தி. ரிலேல பேட்டன் (கைக்குக் கை மாத்தற கோல்) மாத்தறப்போ யார் கை தாழ்ந்துச்சு, யார் முன்னாடியே கிளம்பினாங்கன்னு கேலரியில உட்கார்ந்துட்டே சொல்வாங்க. அந்த ஜனங்க முன்னாடி ஓடறதே ஒரு கௌரவம்தான், அதை நான் குறை சொல்லலை.

தேஞ்ஞிப்பாலத்துல காலிகட் யுனிவர்சிட்டி மீட். தங்கச்சி அன்னைக்குக் காலைல 400 மீட்டர் ஃபைனல் ஓடியிருந்தா. சாயங்காலம் கடைசி ஐட்டம் 4x400 ரிலே. கடைசி லெக் (ரிலேல ஒருத்தர் ஓடற பங்கு) ஓட வேண்டிய பொண்ணுக்குத் தொடையில பிடிச்சுக்கிச்சு, அதனால மூணாவது லெக்ல இருந்த இவளைக் கோச் கடைசிக்கு மாத்திட்டார். பேட்டன் இவ கைக்கு வந்தப்போ எங்க டீம்தான் முதல்ல. இவ அந்த ஆவேசத்துல முதல் 200 மீட்டரைப் பறந்துட்டா. 400 ஓடினவங்களுக்குத் தெரியும், அதுக்கான கணக்கைக் கடைசி நேர்கோட்டுல தீர்த்தே ஆகணும். கால் கட்டிக்கிச்சு. முதல்ல இருந்தவ நாலாவதா வந்தா. ஓவரால் கோப்பையும் அதோட போச்சு.

காலேஜோட பழைய மாணவர்கள், ரசிகர்கள்னு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கு. அதுல ஒருத்தர் அந்தக் கடைசி நேர்கோட்டை மட்டும் வெட்டி, ஸ்லோ மோஷன் வெச்சு, சோகப் பாட்டு போட்டு, இவ பேரையும் வகுப்பையும் எழுதி விட்டுட்டார். ராத்திரிக்குள்ள அது இன்ஸ்டாகிராமுக்குப் போயிடுச்சு. கீழே வந்த கமென்ட் எல்லாத்தையும் நான் படிச்சேன். அவளைப் படிக்க விடக் கூடாதுன்னு போனை வாங்கி வெச்சேன், அதுக்கு முன்னாடியே அவ படிச்சுட்டா.

தொடை பத்தி எழுதினாங்க, மார்பு பத்தி எழுதினாங்க. ஹாஸ்டல் சோறு தின்னு கொழுத்துடுச்சுன்னு எழுதினாங்க. ஒருத்தர் "பாண்டியை எதுக்குக் கடைசியில விட்டீங்க"ன்னு கேட்டிருந்தார். தமிழரை மட்டம் தட்டறதுக்கு அங்கே சொல்ற வார்த்தை அது. கேரளாவுல வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது எப்படி இருக்கும்னு நான் விளக்க வேண்டியதில்லை. இவ போன மீட்ல மெடல் வாங்கினப்போ அதே குரூப்ல "நம்ம பாலக்காடு குட்டி". ஜெயிச்சா பாலக்காடு, தோத்தா பாண்டி. இந்தப் பக்கம் வந்தாலும் லேசு இல்லை. கோயமுத்தூர்ல ஒரு ஓப்பன் மீட்டுக்குப் போனா "கேரளாக்காரப் பொண்ணு, நம்ம பசங்க பரிசைத் தட்டிட்டுப் போக வந்திருக்கு"ன்னு காதுபடப் பேசுவாங்க.

அந்த மொத்தக் குப்பையில ஒரே ஒருத்தர் ஒழுங்கா எழுதியிருந்தார்: முதல் 200 ரொம்ப வேகம், லீட் இருந்தப்போ அந்த அவசரம் வேண்டியதில்லை, பின்னாடி இருந்த பொண்ணை வர விட்டு கடைசி வளைவுல இழுத்திருக்கணும்னு. இதைத்தான் நான் விமர்சனம்னு சொல்வேன். வெளிப்படையாத்தான் எழுதினார், நாலு பேர் பார்க்கத்தான் எழுதினார், எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்லை. தங்கச்சி அந்த ஒண்ணை மட்டும் கோச் கிட்ட கொண்டுபோய்க் காட்டினா. அடுத்த நாளே அதை வெச்சு ப்ராக்டிஸ்ல ஏதாவது செய்ய முடியும். தொடை பத்தி எழுதினதை வெச்சு என்ன செய்யறது?

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வரேன். அன்னைக்கு அவளுக்கு மாதவிலக்கு ரெண்டாவது நாள். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது, இவளுக்கு அந்த நாள் ரொம்பக் கஷ்டமா இருக்கும். கூட ஓடின ஒரு பொண்ணுக்கு மட்டும் தெரியும். கோச் ஆம்பளை, அவர்கிட்ட சொல்லலை, சொன்னா எடுத்துடுவாங்களோன்னு பயம். முட்டுக் கொடுக்கறேன்னு சொல்வீங்க. இல்லைங்க, முதல் 200ஐ வேகமா ஓடினது அவளோட கணக்குப் பிசகுதான், அதை அவளே சொல்றா. நான் கேட்கறது வேற. அந்த வீடியோவுக்குக் கீழே அவ என்ன பதில் போட முடியும்? "எனக்கு அன்னைக்கு பீரியட்ஸ்"னு போடுவாளா, அந்தக் கூட்டத்துக்கு நடுவுல? கடைசி நிமிஷத்துல லெக்கை மாத்தினாங்கன்னு போட்டா கோச்சைக் குறை சொன்ன மாதிரி ஆகும். அதுவும் இல்லாம காலேஜ்ல இருந்து உடனே உத்தரவு வந்துடுச்சு: யாரும் பதில் போடக் கூடாது, காலேஜ் பேர் கெடும்னு. திட்டினவங்க யாருக்கும் அப்படி ஒரு உத்தரவு போகலை.

சம்பளம் வாங்கற ஆட்டக்காரருக்கு மேட்ச் முடிஞ்சதும் மைக் நீட்டறாங்க. மேனேஜர் இருக்கார், க்ளப் அறிக்கை விடும், பிடிக்கலைன்னா வேற டீமுக்குப் போயிடலாம். காலேஜ் பிள்ளைக்கு ஹால் டிக்கெட் அவங்க கையில, அட்டெண்டன்ஸ் அவங்க கையில, அடுத்த வருஷ ஹாஸ்டல் சீட்டும் அவங்க கையில. உரிமை உரிமைன்னு பேசறவங்க இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் யோசிக்கணும்.

வீடியோ எங்க ஊர் டீக்கடை வரைக்கும் வந்துச்சு. "ஏனுங், உங்க அம்மிணி இப்படி நின்னுட்டாளே"ன்னு ஒருத்தர் அப்பாவுக்கே போனைக் காட்டியிருக்கார். அப்பா வீட்டுக்கு வந்து, "போதும் கண்ணு, படிப்பை மட்டும் பாரு. ஊர் வாயில நாம விழ வேண்டாம்"னுட்டார். அவரைக் கோவிச்சுக்க முடியலை. கமென்ட் போட்டவங்க யாரும் ஒரு பொண்ணோட ஓட்டத்தை நிறுத்தணும்னு நினைச்சிருக்க மாட்டாங்க, ஆனா எங்க பக்கத்துல நிறுத்தம் இப்படித்தான் வரும். பையனா இருந்தா ரெண்டு நாள் கேலி பண்ணிட்டு விட்டுடுவாங்க. கடைசியில அம்மாதான் அப்பாவைக் கூப்பிட்டு, அன்னைக்கு அவ உடம்பு எப்படி இருந்துச்சுன்னு பட்டுனு சொன்னாங்க. அந்த மாதிரிப் பேச்சு எங்க வீட்டுல அப்பா முன்னாடி அதுவரைக்கும் வந்ததே இல்லை. திங்கட்கிழமை காலைல அவரே பைக்ல கொண்டுபோய் பஸ் ஸ்டாப்புல விட்டார்.

வீடியோ போட்டவர் நம்பரைத் தேடிப் பிடிச்சுப் பேசினேன். வளைகுடாவுல வேலையாம், மீட்டுக்கே வரலை, போன்லதான் பார்த்திருக்கார். "நாங்க காலேஜ் மேல உள்ள சினேகத்துல சொல்றோம் சேச்சி"ன்னார். சினேகம் இருக்கறவர் அந்தப் பிள்ளைங்களுக்கு ஒரு ஜோடி ஸ்பைக்ஸ் (ஆணி வெச்ச ஓட்ட ஷூ) வாங்கிக் கொடுத்திருக்காரான்னு கேட்டேன், பதில் இல்லை. அவர் அழிச்சுட்டார். மத்தவங்க போன்ல இருக்கறது இருக்கு.

ஸ்பைக்ஸ்னதும் ஞாபகம் வருது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லிடறேன். கோட்டாவுல சீட் வாங்கினவங்களுக்கு எல்லாம் சும்மா கிடைக்குதுன்னு நினைக்கறீங்க. ஸ்பைக்ஸ் அப்பா காசு. மீட்டுக்குப் போயிட்டு வந்த படி பல மாசம் கழிச்சு வரும், அதுக்கும் நாலு கையெழுத்து. தமிழ்ப் பிள்ளைங்க இவ்வளவு பேர் படிக்கற காலேஜ்ல ஸ்போர்ட்ஸ் நோட்டீஸ் முழுக்க மலையாளத்துலதான் ஒட்டுவாங்க. முதல் வருஷம் வந்த பிள்ளைங்க ட்ரையல்ஸ் தேதியே தெரியாம கோட்டை விட்டிருக்காங்க. எழுதிக் கொடுத்தோம், வாங்கி வெச்சுக்கிட்டாங்க. காலைல ப்ராக்டிஸ் நேரத்துக்கு எங்க பக்கத்துல இருந்து சரியான பஸ் கிடையாது. இதுல எதைப் பத்தியாவது அந்த ரசிகர் குரூப்ல ஒரு வரி வந்திருக்கான்னு தேடிப் பார்த்தேன். இல்லை.

மேலே இருக்கறவங்களைக் கேள்வி கேட்க எங்க ஜனங்களுக்குத் தெரியாததில்லை. 2017ல சித்ரா ஆசிய சாம்பியன் ஆனதுக்கு அப்புறமும் லண்டன் உலக சாம்பியன்ஷிப் டீம்ல அவங்க பேர் இல்லை. அப்போ கேரளாவே கொதிச்சு எழுந்துச்சு. ஹைகோர்ட் சேர்க்கச் சொல்லியும், சர்வதேசத் தடகளச் சங்கம் ஒத்துக்காததால போக முடியலை. ஆனா அந்தக் கோபம் தேர்வு பண்ணினவங்க மேல போச்சு, ஓடினவங்க மேல போகலை.

தப்பை மறைக்கணும்னும் நான் சொல்லலை. 1986 சியோல் ஆசிய விளையாட்டுல கேரளாவோட ஷைனி ஆபிரகாம் 800 மீட்டர்ல முன்னாடி ஓடிட்டிருந்தவங்க, லேன் மாறக் கூடாத இடத்துல உள்ளே வெட்டினதால தகுதி நீக்கம் ஆனாங்க. அப்போ அவங்களுக்கு 21 வயசு. அவங்க லேனை வெட்டினாங்கன்னு பத்திரிகை எழுதினா அது நடந்த விஷயம், யாரும் கோவிச்சுக்க முடியாது. அதே ஷைனிதான் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ல நம்ம கொடியைப் பிடிச்சுட்டுப் போனாங்க, அப்படிப் போன முதல் இந்தியப் பெண்.

உங்க அமெரிக்கா விஷயத்துக்கு வரேன். 2021 ஜூலையில இருந்து அங்கே கல்லூரி வீரர்கள் தங்க பேர், படத்தை வெச்சு விளம்பரக் காசு வாங்கலாம். 2025ல கோர்ட் ஒப்பந்தம் வந்து, காலேஜே ஒரு வருஷத்துக்கு சுமார் 2 கோடி டாலர் வரைக்கும் பிரிச்சுக் கொடுக்கலாம்னு ஆச்சு. அதுல பெரும்பங்கு வாங்கற ஃபுட்பால் நட்சத்திரம் பந்தைத் தவற விட்டா, தவற விட்டான்னு எழுதுங்க, நான் குறுக்கே வரலை. ஆனா காசு எங்கே போகுதோ அங்கேயேதான் வசவும் போகுதான்னு பாருங்க. 2024ல அங்கே மார்ச் மாசக் கூடைப்பந்துப் போட்டிகளைப் பத்தி கல்லூரி விளையாட்டை நடத்தற அவங்க சங்கமே (NCAA) பண்ணின ஆய்வுல, ஆம்பளைப் பசங்களை விடப் பொண்ணுங்களுக்குத்தான் சுமார் மூணு மடங்கு வசவு வந்திருக்கு. பந்தயம் கட்டித் தோத்தவங்க பிள்ளைங்களுக்கே நேரா மெசேஜ் அனுப்பித் திட்டறாங்க. அதனால தனி ஒரு வீரர் எத்தனை பாயின்ட் எடுப்பார்னு பந்தயம் கட்டறதைக் கல்லூரி அளவுல தடை பண்ணச் சொல்லி சங்கத் தலைவர் சார்லி பேக்கரே கேட்டார். காசு வந்ததால விமர்சனம் நியாயம் ஆயிடுச்சுங்கற உங்க கணக்கு அங்கேயே ஒத்து வரலை. எங்க ஊர்ல காசும் கிடையாது.

உங்க டீம் விஷயத்துல நீங்க எழுதணும்னா எழுதுங்க. டீம் எப்படி ஆடிச்சுன்னு எழுதுங்க, கோச் ஏன் அந்த மாத்தம் பண்ணினார்னு கேளுங்க, அவர் சம்பளம் வாங்கறவர், அவரால பதில் சொல்ல முடியும். ஒரு பிள்ளையோட பிசகைத்தான் சொல்லணும்னா பேரை விட்டுட்டு, ஜெர்சி நம்பரையும் விட்டுட்டு, நடந்ததை மட்டும் சொல்லுங்க. நேர்ல தெரிஞ்ச பிள்ளைன்னா நேர்ல சொல்லுங்க.

திருத்தம்: இதைப் போட்டதுல இருந்து ரெண்டு மூணு பேர், "வீடியோவைப் பார்த்தாத்தானே நீங்க சொல்றது சரியா தப்பான்னு தெரியும்"னு லிங்க் கேட்டிருக்கீங்க. லிங்க் தர மாட்டேன். காலேஜ் பேரும் சொல்ல மாட்டேன். தங்கச்சி இன்னும் ஓடிட்டுதான் இருக்கா, இந்த சீசன்லயும் 4x400 டீம்ல இருக்கா.